ஓயாத குமட்டல்

(நூலக வாசகர் வட்டத்தில் பொது மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



காய்ச்சலைப் பார்க்க வெப்பமானி இருக்கிறது. ரத்த அழுத்தத்துக்கு ஒரு கருவி, சர்க்கரைக்கு ஒரு கருவி என்று எல்லாம் இன்று வீட்டுக்கே வந்துவிட்டன. குமட்டலை அளக்க மட்டும் இதுவரை ஒரு கருவி வரவில்லை. ரத்தப் பரிசோதனையிலோ ஸ்கேனிலோ அது தெரியாது. வாந்தியையாவது பக்கத்தில் இருப்பவர் பார்க்கலாம். குமட்டல், அதை அனுபவிக்கிறவருக்கு மட்டுமே தெரிந்த துன்பம். அவர் வாய் திறந்து சொன்னால்தான் உண்டு. சொன்ன பிறகு கேட்கிறவர் நம்பினால்தான் வைத்தியம் தொடங்கும். ஆகவே இன்று நோய்களைப் பற்றி எவ்வளவு பேசுகிறேனோ அதே அளவு சொல்வதையும் கேட்பதையும் பற்றியும் பேசப்போகிறேன்.

பேருந்தில் மலையேறும்போது வருவது, கல்யாண வீட்டில் கூடுதலாகச் சாப்பிட்டதால் வருவது, வயிற்றுப்போக்கோடு இரண்டு நாள் வந்து போவது ஆகியவற்றுக்கு இஞ்சியும் எலுமிச்சையும் ஓய்வும் போதும். நான் பேச வந்தது வாரக்கணக்கில் நிற்காமல் இருக்கும் குமட்டலைப் பற்றி. ஒரு மாதத்தைத் தாண்டினால் அதை நாள்பட்ட குமட்டல் என்று மருத்துவத்தில் வகைப்படுத்துவார்கள். நம் ஊரில் இதற்கு உடனே இரண்டு பெயர் கிடைத்துவிடும். ஒன்று பித்தம், மற்றது கேஸ். பெயர் கிடைத்ததும் மருந்துக் கடையில் மாத்திரையும் கிடைக்கும். மாத்திரை போட்டால் கொஞ்சம் அடங்கும், நிறுத்தினால் திரும்ப வரும். இப்படியே ஆறு மாதம் ஓட்டிவிட்டு மருத்துவமனைக்கு வருகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த ஆறு மாதத்தில் சிலருக்குச் சிறுநீரகம் பாதி போயிருக்கும். சிலருக்கு வயிற்றுப் புண்ணிலிருந்து ரத்தம் கசிந்து உடம்பு வெளுத்திருக்கும்.

குமட்டல் எப்படி உண்டாகிறது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அது புரிந்தால் பின்னால் சொல்லப்போவது எல்லாம் தானாகப் புரியும். வயிற்றில் தோன்றுவதுபோல் நமக்குப் பட்டாலும் அதை நடத்துவது மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் முகுளம். ரத்தத்தில் வருகிற எல்லாவற்றையும் மூளைக்குள் விடாமல் தடுக்கும் ஓர் ஏற்பாடு மூளை முழுவதும் உண்டு. அந்தத் தடுப்பு தளர்வாக இருக்கும் மிகச் சிறிய சில இடங்களில் ஒன்று முகுளத்தை ஒட்டி இருக்கிறது. ரத்தத்தில் நஞ்சு ஏதும் கலந்து ஓடுகிறதா என்று பார்க்க அங்கே ஒரு காவல்காரர் உட்கார்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிறுநீரகம் பழுதாகிக் கழிவு தேங்கினாலும், கல்லீரல் கெட்டாலும், சர்க்கரை கட்டுமீறி ரத்தம் அமிலமானாலும், உப்புச்சத்து குறைந்தாலும், ஒரு மருந்தின் அளவு கூடினாலும் அவர் எச்சரிக்கை கொடுத்துவிடுவார். இது ஒரு வழி.

இன்னொரு வழி குடலிலிருந்து மேலே ஏறும் வேகஸ் என்ற நரம்பு. உடம்பில் உள்ள செரட்டோனின் என்ற வேதிப்பொருளில் பத்தில் ஒன்பது பங்கு குடலில்தான் இருக்கிறது. குடலின் உள்சுவர் புண்பட்டால் அது வெளிப்பட்டு இந்த நரம்பைத் தூண்டும். புற்றுநோய்க்கு ஊசி மருந்து போட்டுக்கொள்கிறவர்கள் ஒரு காலத்தில் குடலே வெளியே வருவதுபோல் வாந்தி எடுத்துத் துவண்டார்கள். சிகிச்சையே வேண்டாம் என்று வீட்டுக்குப் போனவர்கள் உண்டு. செரட்டோனினின் வழியை அடைக்கும் ஒன்டான்செட்ரான் என்ற மருந்து 1991-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்று வந்த பிறகு அந்த நிலைமை பெரிதும் மாறியது. மூன்றாவது வழி உள்காது. நான்காவது வழி மனம். மணம், பயம், நினைவு எல்லாம் அதில் சேரும். புற்றுநோய்ச் சிகிச்சை எடுக்கிறவர்கள் சிலருக்கு மருத்துவமனை வாசலைப் பார்த்த உடனே, ஊசி போடும் முன்பே வயிற்றைப் புரட்டும். அது நடிப்பு இல்லை. மூளை பழைய துன்பத்தை நினைவில் வைத்திருந்து முன்கூட்டியே எச்சரிக்கிறது.

வழி எதுவானாலும் வந்து சேருகிற உணர்ச்சி ஒன்றே. அதனால்தான் குமட்டல் என்று மட்டும் சொன்னால் எந்த மருத்துவராலும் காரணத்தைக் கண்டுபிடிக்க முடியாது. அதோடு கூட என்ன வருகிறது, எப்போது வருகிறது, எதற்குப் பிறகு தொடங்கியது என்பதில்தான் விடை இருக்கிறது.

காரணங்களில் முதலில் மருந்துகளைச் சொல்கிறேன். வெளியே தேடுவதற்கு முன்னால் வீட்டு அலமாரியில் தேட வேண்டும். நம் மாநிலத்தில் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர் இல்லாத தெரு இல்லை. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021-இல் தொடங்கிய பிறகு அது வீட்டு வாசலுக்கே வருகிறது. நல்ல மருந்து, மலிவான மருந்து. ஆனால் தொடங்கிய புதிதிலும் அளவைக் கூட்டும்போதும் குமட்டலும் பேதியும் வரலாம். உணவோடு சேர்த்துச் சாப்பிட்டால், அல்லது மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்றினால் பெரும்பாலோருக்குச் சரியாகிவிடும். வருடக்கணக்கில் ஒத்துப்போன மெட்ஃபார்மின் திடீரென்று புரட்டத் தொடங்கினால் சிறுநீரகத்தை ஒரு தடவை பார்க்க வேண்டும். இப்போது எடை குறைப்புக்கும் சர்க்கரைக்கும் வாரம் ஒருமுறை போடும் ஊசிகள் வந்திருக்கின்றன. அவை இரைப்பை காலியாவதை மெதுவாக்கியும் வேலை செய்கின்றன. எனவே குமட்டல் அவற்றின் முதல் பக்கவிளைவு. குறைந்த அளவில் தொடங்கிப் படிப்படியாகத்தான் ஏற்ற வேண்டும். சீக்கிரம் மெலிய வேண்டும் என்று அளவைத் தாவி ஏற்றிக்கொள்வது ஆபத்து.

வலி மாத்திரைகள், இரும்புச்சத்து மாத்திரைகள், கருத்தடை மாத்திரைகள், சில ஆன்டிபயாட்டிக்குகள், மன அழுத்தத்துக்கான மாத்திரைகளின் முதல் இரண்டு வாரம் என்று இந்தப் பட்டியல் நீளும். இதய நோய்க்கு டிஜாக்சின் சாப்பிடும் முதியவருக்குக் குமட்டல் வந்து சாப்பாடு இறங்காமல் போனால் அது மருந்தின் அளவு ரத்தத்தில் கூடிவிட்டதன் முதல் அடையாளமாக இருக்கலாம். அவர் வயதாகிவிட்டதால் சாப்பிடவில்லை என்று வீட்டில் விட்டுவிடக் கூடாது. காசநோய் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ஆரம்பத்தில் லேசாகக் குமட்டுவது வழக்கம். ஆனால் குமட்டலோடு கண் மஞ்சளானால், சிறுநீர் காபி டிகாஷன்போல் கறுத்தால், வலது விலாவுக்குக் கீழே வலித்தால், கல்லீரல் தாக்கப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். அடுத்த வேளை மாத்திரையை விழுங்காமல் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். அவர் மருந்தை மாற்றிக் கொடுத்து மறுபடி தொடங்கிவைப்பார். இதையே சாக்காக வைத்துக் காசநோய் சிகிச்சையைக் கைவிடுவது அதைவிடப் பெரிய ஆபத்து.

மூட்டு வலிக்கு என்று பெயர் தெரியாத பொட்டலத்தில் மாத்திரை வாங்கிச் சாப்பிடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. போட்ட மறுநாளே வலி பறந்துவிடும், பசி கூடும், சில மாதங்களில் முகம் உப்பிவிடும். இப்படிப்பட்டவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறோம். வெளியிலிருந்து அது வந்துகொண்டே இருந்தால் உடம்பு தன் சொந்த உற்பத்தியை நிறுத்திக்கொள்ளும். காசு தீர்ந்தோ, கடைக்காரர் ஊருக்குப் போயோ ஒருநாள் மாத்திரை நின்றுவிட்டால் சில நாட்களில் குமட்டல், எழுந்து நிற்க முடியாத சோர்வு, தலைசுற்றல் எல்லாம் வரும். ரத்த அழுத்தம் இறங்கும். மருத்துவரிடம் அந்தப் பொட்டலத்தைப் பற்றிச் சொல்ல வெட்கப்பட்டால் காரணம் பிடிபடாமலே உயிர் போய்விடக்கூடும். தயவுசெய்து சொல்லுங்கள். திட்டினாலும் பரவாயில்லை, சொல்லுங்கள்.

அடுத்து இரைப்பை. பல பத்தாண்டுகளாக வயிற்றுப் புண்ணுக்குக் காரணம் கவலை, காரம், அமிலம் என்றே உலகம் நம்பியது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன், பாரி மார்ஷல் என்ற இரு மருத்துவர்கள் 1982-இல் இரைப்பைச் சுவரில் வாழும் ஒரு கிருமியைப் பிரித்தெடுத்து, காரணம் இதுதான் என்றார்கள். யாரும் ஏற்கவில்லை. 1984-இல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்தார். சில நாட்களில் அவருக்கு வயிறு உப்பியது, பசி போயிற்று, குமட்டலும் வாந்தியும் வந்தன. உள்ளே குழாய் விட்டுப் பார்த்தபோது ஆரோக்கியமாக இருந்த இரைப்பை வீங்கிச் சிவந்திருந்தது. 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இந்த ஹெலிகோபாக்டர் கிருமி நம் நாட்டில் மிகப் பரவலாக உண்டு. மூச்சுப் பரிசோதனை, மலப் பரிசோதனை, எண்டோஸ்கோப்பி இவற்றில் ஒன்றால் கண்டுபிடித்து இரண்டு வாரக் கூட்டு மருந்தால் பெரும்பாலும் ஒழிக்கலாம். ஆண்டுக்கணக்கில் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை மட்டும் விழுங்கிக்கொண்டிருந்தால் கிருமி அங்கேயே இருக்கும்.

இரண்டு கவளத்திலேயே வயிறு நிறைந்துவிடுகிறது, காலையில் சாப்பிட்டது மாலையில் அப்படியே வாந்தியாக வருகிறது என்றால் இரைப்பை அசைவு குன்றியிருக்கலாம். நீண்ட நாள் சர்க்கரை நோயாளிகளிடம் இதைப் பார்க்கிறோம். இரைப்பையின் வாயில் அடைபட்டிருந்தாலும் இப்படி வரும். கொழுப்பான சாப்பாட்டுக்குப் பிறகு வலது மேல்வயிறு இழுத்துப் பிடித்துக் குமட்டினால் பித்தப்பைக் கல்லாக இருக்கலாம். சாராயம் குடிக்கிறவருக்குக் காலையில் பல் துலக்கும்போது ஓங்கரிப்பு வருவது இரைப்பைப் புண்ணிலிருந்தும் வரலாம், கல்லீரலிலிருந்தும் வரலாம், கணையத்திலிருந்தும் வரலாம். கஞ்சாவை நாள்தோறும் புகைக்கும் இளைஞர்களுக்கு நாள்கணக்கில் நிற்காத வாந்தி வருவதும், வெந்நீரில் குளித்தால் மட்டும் தணிவதும் 2004-இல் ஆஸ்திரேலியாவில் விரிவாக எழுதப்பட்டது. இங்கேயும் இதைப் பார்க்கிறோம். பிள்ளை மணிக்கணக்கில் வெந்நீர்க் குளியல் போடுகிறான் என்று ஒரு தாய் சொன்னால் நாங்கள் அதைக் குறித்துக்கொள்வோம்.

இரைப்பையில் புற்றுநோய் இருக்குமோ என்ற பயம் பலருக்கு உண்டு. பயந்து உட்கார்ந்திருப்பதைவிட எந்த அடையாளத்தைக் கண்டால் உடனே எண்டோஸ்கோப்பி பார்க்க வேண்டும் என்று தெரிந்துவைத்திருப்பது நல்லது. முயலாமலே எடை குறைவது, சாப்பாடு தொண்டையில் சிக்குவது, மலம் தார்போல் கறுப்பாகப் போவது, வாந்தியில் ரத்தமோ காபித்தூள்போன்ற கறுப்போ தெரிவது, காரணம் தெரியாத ரத்தசோகை, வீட்டில் யாருக்காவது இரைப்பைப் புற்றுநோய் இருந்தது. ஐம்பத்தைந்து, அறுபது வயதைத் தாண்டியவருக்கு இதற்குமுன் இல்லாத வயிற்றுக் கோளாறு புதிதாகத் தொடங்கினால் மற்ற அடையாளம் எதுவும் இல்லாவிட்டாலும் பார்த்துவிட வேண்டும். இரும்பு மாத்திரை சாப்பிட்டாலும் மலம் கறுக்கும் என்பதால் அதையும் சொல்லுங்கள்.

இனி, பெண்கள். மாதவிடாய் நிற்காத வயதில் இருக்கும் எந்தப் பெண்ணுக்குக் குமட்டல் தொடர்ந்தாலும் முதல் பரிசோதனை கர்ப்பப் பரிசோதனைதான். அதை எடுக்காமல் எக்ஸ்-ரேயும் மருந்துகளும் கொடுத்துவிடக் கூடாது.

மசக்கை பெரும்பாலான கர்ப்பிணிகளுக்கு வருகிறது. ஆறாவது வாரத்தை ஒட்டித் தொடங்கி நான்கைந்து மாதத்தில் அடங்கும். ஆனால் நூற்றில் ஒருவர் இருவருக்கு அது மசக்கையைத் தாண்டிய நோயாக மாறுகிறது. தண்ணீர்கூடத் தங்காது. எடை குறையும். சிறுநீர் மஞ்சள் கறுத்து, அளவு குறைந்து போகும். அந்தப் பெண் படுக்கையை விட்டு எழ முடியாமல் கிடப்பாள். அப்போது வீட்டில் என்ன சொல்கிறார்கள்? “நாங்கல்லாம் புள்ள பெக்கலையா? இதென்ன புதுசா?” என்கிறார் மாமியார். பெற்ற அம்மாவும்கூட, “கொஞ்சம் மனசத் தேத்திக்க கண்ணு” என்கிறார். சில மருத்துவர்களும் அதையேதான் சொல்கிறார்கள்.

அமெரிக்காவில் மார்லினா ஃபெய்ஸோ என்ற மரபியல் விஞ்ஞானி 1999-இல் கருவுற்றபோது அவருக்கு இந்தக் கடும் வாந்தி வந்தது. உட்காரக்கூட முடியாமல் நலிந்து, அந்தக் கருவை இழந்தார். அவர் தன் துன்பத்தைப் பெரிதுபடுத்திச் சொல்வதாகவே பார்க்கப்பட்டது. அவர் அதற்குப் பின் இதன் காரணத்தைத் தேடுவதையே தன் ஆராய்ச்சியாக்கிக்கொண்டார். 2023 டிசம்பரில் ‘நேச்சர்’ இதழில், பிரிட்டனின் ஸ்டீபன் ஓ’ராஹிலி முதலானோருடன் சேர்ந்து அவர் வெளியிட்ட கட்டுரை விடையின் பெரும்பகுதியைச் சொல்லிவிட்டது. கருவும் நஞ்சுக்கொடியும் ஜிடிஎஃப்15 என்ற ஹார்மோனைத் தாயின் ரத்தத்தில் கலக்கின்றன. நான் முன்பு சொன்ன காவல்காரர் இருக்கும் இடத்தில் அதற்கென்றே ஏற்பி இருக்கிறது. கருவுறுவதற்கு முன் இந்த ஹார்மோன் குறைவாக இருந்த பெண்களுக்கு அதன் திடீர் ஏற்றம் தாங்காமல் வாந்தி கடுமையாகிறது. தலசீமியா உள்ள பெண்களுக்கு ரத்தத்தில் இது எப்போதுமே அதிகம். அவர்களுக்குக் கர்ப்பக் குமட்டல் குறைவாகவே இருப்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. அதாவது இத்தனை காலமும் செல்லம், மனசு, சோம்பல் என்று பேசிய விஷயத்துக்கு ரத்தத்தில் அளக்கக்கூடிய ஒரு காரணம் இருந்திருக்கிறது. நம்பப்படாமல் போன அத்தனை பெண்களுக்கும் மருத்துவம் கடன்பட்டிருக்கிறது என்றே நான் நினைக்கிறேன்.

கர்ப்பத்தில் மாத்திரையே கூடாது என்ற பயம் எங்கிருந்து வந்தது என்றும் சொல்ல வேண்டும். 1957-இல் ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த தாலிடோமைடு மசக்கைக்கும் கொடுக்கப்பட்டது. ஆயிரக்கணக்கான குழந்தைகள் கைகால் வளராமல் பிறந்தன. 1961-இல் அதைத் திரும்பப் பெற்றார்கள். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் அந்தப் பயத்தினால் பாதுகாப்பான மருந்துகளும் பழி சுமந்தன. டாக்ஸிலமின், பைரிடாக்ஸின் இரண்டும் சேர்ந்த மாத்திரையை அமெரிக்காவில் வழக்குகளின் சுமையால் 1983-இல் நிறுத்தினார்கள். கெடுதல் செய்தது என்று நிரூபணமாகவில்லை. 2013-இல் மறுபடி அனுமதி கொடுத்தார்கள். நம் ஊரில் அது கிடைத்துக்கொண்டுதான் இருக்கிறது, மகப்பேறு மருத்துவர்கள் எழுதிக் கொடுக்கிறார்கள். ஒருநாள் முழுக்க எதுவும் தங்கவில்லை என்றால், எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை என்றால், எடை இறங்கினால், கர்ப்பிணியை மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். ஒன்று கவனிக்க வேண்டும். வாரக்கணக்கில் வாந்தி எடுத்தவருக்குக் குளுக்கோஸ் ஏற்றும் முன் தயாமின் என்ற வைட்டமின் ஊசி போட வேண்டும். இல்லாவிட்டால் மூளை பாதிக்கப்படலாம். மருத்துவரிடம் நினைவூட்டத் தயங்காதீர்கள்.

சிறுநீரகத்தைப் பற்றி ஏற்கெனவே மூன்று முறை சொல்லிவிட்டேன், காரணத்தோடுதான். அது வலிக்காமல் கெடும் உறுப்பு. காலையில் எழுந்ததும் குமட்டல், பசியின்மை, வாயில் உலோகச் சுவை, கறி மீனைக் கண்டாலே வெறுப்பு, தோலில் அரிப்பு, முகமோ காலோ வீங்குவது. இவை வருவதற்குள் சிறுநீரகத்தின் பெரும்பகுதி போயிருக்கும். சர்க்கரை, ரத்தக்கொதிப்பு உள்ளவர்களும், வெயிலில் உழைத்து வலி மாத்திரையை நம்பி வாழ்கிறவர்களும் ஆண்டுக்கு ஒரு முறை கிரியாட்டினினும் சிறுநீரில் புரதமும் பார்த்துக்கொண்டால் குமட்டல் வரும் வரை காத்திருக்கத் தேவையில்லை. அரசு மருத்துவமனையில் இதற்குச் செலவே இல்லை.

சர்க்கரையில் இன்னொரு அவசரம் உண்டு. ஒரு சிறுவனுக்கோ சிறுமிக்கோ வாந்தி, வயிற்றுவலி. கூடவே சில வாரங்களாக அளவுக்கு மீறிய தாகம், ராத்திரியில் பலமுறை சிறுநீர், மெலிவு. இதை வயிற்றுக் கோளாறு என்று எண்ணி வீட்டில் வைத்திருந்தால் மூச்சு வேகமாகி, வாயில் பழ வாசனை அடித்து, குழந்தை மயங்கிவிடும். விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் பார்த்தால் ஒரு நிமிடத்தில் உண்மை தெரியும். இன்சுலின் போடுகிறவர்கள், சாப்பிடவில்லையே என்று ஊசியை அறவே நிறுத்தக் கூடாது. குமட்டும் நாளில் சர்க்கரையை அடிக்கடி பார்த்து, மருத்துவரிடம் கேட்டு அளவை மாற்றிக்கொள்ள வேண்டும்.

இப்போது எனக்கு மிகவும் கவலை தருகிற ஒன்றைச் சொல்கிறேன். மாரடைப்பு எல்லோருக்கும் சினிமாவில் காட்டுவதுபோல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்வதாக வராது. இதயத்தின் அடிச்சுவருக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு ஏற்பட்டால் அது முதலில் குமட்டலாகவும் மேல்வயிற்றுச் சங்கடமாகவும் வரலாம். சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் முதியவர்களுக்கும் நெஞ்சுவலி மங்கியோ இல்லாமலோ இருக்கக்கூடும். “ஒரு மாதிரி பண்ணுதுங்க, கேஸா இருக்கும், ஒரு சோடா குடிச்சா போயிடும்” என்று சொல்லிக்கொண்டே உடம்பெல்லாம் வேர்த்து உட்கார்ந்திருக்கிறார் என்றால் சோடாவைத் தேடாதீர்கள். 108-ஐ அழையுங்கள். குமட்டலோடு குளிர்ந்த வியர்வை, மூச்சு வாங்குவது, தாடைக்கோ இடது கைக்கோ முதுகுக்கோ பரவும் பாரம் இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் இசிஜி எடுத்தே ஆக வேண்டும். முதல் இசிஜி சரியாக இருந்தாலும் சந்தேகம் தீராவிட்டால் சற்று நேரம் கழித்து மறுபடி எடுக்க வேண்டும், ரத்தத்தில் ட்ரோபோனின் பார்க்க வேண்டும். 2023-இல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே மாரடைப்புக்கான முதல் வேளை மாத்திரைகளைக் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். கிராமத்தில் இருக்கிறவர்கள் இதை நினைவில் வையுங்கள்.

மழைக்காலத்துக்கு ஒரு செய்தி. டெங்குவில் காய்ச்சல் இறங்கும்போது எல்லோரும் நிம்மதி அடைவோம். ஆபத்தான கட்டம் தொடங்குவதே அப்போதுதான். நிற்காத வாந்தியையும் வயிற்றுவலியையும் உலக சுகாதார நிறுவனம் 2009-இல் வகுத்த டெங்கு எச்சரிக்கை அடையாளங்களில் சேர்த்திருக்கிறது. காய்ச்சல் விட்ட அன்று வாந்தி தொடங்கினால் மருத்துவமனையில் சேர்க்க வேண்டும்.

தலைப் பக்கம் வேகமாகப் பார்த்துவிடுவோம். படுக்கையில் புரண்டால் வீடே சுற்றிக் குமட்டினால் அது பெரும்பாலும் உள்காதில் சின்னத் துகள் இடம் பெயர்ந்ததால் வருவது. தலையைச் சில கோணங்களில் திருப்பி வைக்கும் எப்ளி முறையால் மாத்திரை இல்லாமலே சரிசெய்யலாம். ஒரு பக்கத் தலைவலியோடு வெளிச்சமும் சத்தமும் பிடிக்காமல் குமட்டினால் ஒற்றைத் தலைவலி. காலையில் எழுந்ததும் தலைவலி, வாந்தி, நாளுக்கு நாள் மோசம் என்றால் மூளையில் அழுத்தம் கூடுகிறதா என்று ஸ்கேன் எடுக்க வேண்டும். சில வாரங்களுக்கு முன் குளியலறையில் வழுக்கி விழுந்த தாத்தாவுக்கு இப்போது குமட்டலும் தூக்கக் கலக்கமும் வந்தாலும் அப்படித்தான். ஒரு கண் சிவந்து, வலித்து, விளக்கைச் சுற்றி வண்ண வளையம் தெரிந்து வாந்தி வருகிறதென்றால் கண்ணில் நீரழுத்தம் ஏறியிருக்கிறது. வயிற்று மருத்துவரிடம் போய் நேரத்தைக் கழித்தால் பார்வை போய்விடும். பச்சிளங்குழந்தை பச்சை நிறத்தில் வாந்தி எடுத்தால் பித்தம் என்று வசம்பு உரசிக்கொண்டிருக்காதீர்கள். குடல் முறுக்கியிருக்கலாம், அந்த மணி நேரமே அறுவை மருத்துவர் பார்க்க வேண்டும். பெரியவர்களுக்கும் பச்சை வாந்தியோடு வயிறு உப்பி, காற்றும் மலமும் போகாமல் நின்றால் அதே அவசரம்.

இத்தனையும் தேடிப் பார்த்து எல்லாச் சோதனையும் சரியாக வருகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் “உங்களுக்கு ஒண்ணுமில்ல” என்று சொல்லி அனுப்புவது எனக்கு உடன்பாடில்லை. இரைப்பையின் தசைக்கு நிமிடத்துக்கு மூன்று என்ற தாளம் இருக்கிறது. அந்தத் தாளம் குலைந்தாலோ, குடலுக்கும் மூளைக்கும் இடையில் ஓடும் நரம்பு கூர்ந்துவிட்டாலோ எந்த ஸ்கேனிலும் தெரியாமலே குமட்டும். பதற்றமும் மனச்சோர்வும் இந்தப் பாதையில்தான் வயிற்றைப் பிடிக்கின்றன. இதற்கும் மருந்து உண்டு. சிறுசிறு உணவு, குறைந்த அளவில் கொடுக்கும் சில மனநல மருந்துகள், மன ஆலோசனை ஆகியவை உதவுகின்றன. மனநல மருந்து எழுதினால் பைத்தியம் என்று நினைக்கிறார்களோ என்று கோபப்பட வேண்டாம். அந்த மருந்து அங்கே குடல் நரம்புக்காகக் கொடுக்கப்படுகிறது.

குமட்டலுக்குக் கடையில் தாமாக வாங்கும் மாத்திரைகளைப் பற்றி ஒரு வார்த்தை. மெட்டோகுளோப்ரமைடு சில இளைஞர்களுக்குக் கழுத்தையும் வாயையும் கோணவைத்துவிடும். அதை ஐந்து நாளுக்கு மேல் கொடுக்காதீர்கள் என்று ஐரோப்பிய மருந்து முகமை 2013-இல் சொன்னது. அமில மாத்திரையோடு சேர்த்து இங்கே தாராளமாக விற்கும் டாம்பெரிடோன் இதயத் துடிப்பின் ஒழுங்கைக் குலைக்கக்கூடும் என்பதால் அதற்கும் 2014-இல் ஒரு வாரம் என்று வரம்பு வைத்தது. மாதக்கணக்கில் சாப்பிடுகிறவர்கள் இதை உங்கள் மருத்துவரிடம் பேசுங்கள்.

வீட்டில் செய்யக்கூடியது நீரைக் காப்பாற்றுவது. ஓஆர்எஸ் பொட்டலம் ஒன்றை அதில் அச்சிட்ட அளவுத் தண்ணீரில் கரையுங்கள். பொட்டலம் இல்லாவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும். மடமடவென்று குடித்தால் திரும்ப வந்துவிடும். சில நிமிடத்துக்கு ஒரு கரண்டி கொடுங்கள். இஞ்சி உதவும், கர்ப்பிணிகளுக்கும் உதவும். நாக்கு வறண்டு, சிறுநீர் குறைந்து, எழுந்தால் கண் இருட்டினால் வீட்டு வைத்தியம் போதாது.

மருத்துவரிடம் போகும்போது சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள், நாட்டு மருந்தும் சேர்த்து. எப்போது தொடங்கியது, வெறும் வயிற்றிலா சாப்பிட்ட பின்பா, வாந்தி வந்தால் என்ன நிறம், எடை எவ்வளவு குறைந்தது, கடைசி மாதவிடாய்த் தேதி, சிறுநீரின் நிறம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதுங்கள். உள்ளிருந்து எதுவும் திமிறாமல் தொண்டைக்கு எதுக்களித்து வருவதையும், தலை சுற்றுவதையும், உண்மையாகவே குமட்டுவதையும் பலர் ஒன்றாகவே ‘மயக்கமா வருது’ என்று சொல்கிறார்கள். எது என்று பிரித்துச் சொன்னால் பாதி வேலை முடிந்துவிடும். குடியையும் கஞ்சாவையும் மறைக்காதீர்கள். ஏதோ ஒரு மனவேதனையில் விஷப்பொருளை விழுங்கியிருந்தால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். சில நஞ்சுகள் முதல் நாள் குமட்டி, அடுத்த நாள் நன்றாகிவிட்டதுபோல் காட்டி, பிறகு கல்லீரலை எடுத்துவிடும். மனம் தாங்க முடியாத நேரத்தில் 104-ஐ அழைத்தாலும் பேசுவதற்கு ஆள் இருக்கிறார்கள்.

இரண்டு மூன்று நாளில் நிற்காத வாந்தி, இரண்டு வாரத்தில் நிற்காத குமட்டல், எடை குறைவு என்று வந்தால் மருத்துவரைப் பார்க்கத் தேதி குறித்துவிடுங்கள். வியர்வை, ரத்தம், கடும் வலி, மயக்கம், கடும் தலைவலி, பச்சை வாந்தி என்றால் தேதி பார்க்காமல் கிளம்புங்கள். வீட்டில் ஒருவர் திரும்பத் திரும்பச் சொல்கிறார் என்றால் கூட ஒருவர் போய் உட்காருங்கள். பெரியவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவர் முன்னால் பாதியை விழுங்கிவிடுவார்கள். மீதியைச் சொல்ல ஆள் வேண்டும்.

இனி நீங்கள் கேளுங்கள். எல்லோர் முன்னிலையிலும் கேட்கத் தயக்கமாக இருந்தால் தாளில் எழுதி மேசைமேல் வையுங்கள், பெயர் வேண்டாம்.